உப்பும் எலும்பும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டிய நிலம். ஆனால் பாத்தியில் நாற்று இல்லை; வானத்தின் சாயலைக் காட்டிக்கொண்டு தண்ணீர் அசையாமல் நிற்கிறது. வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாரிச் சேர்க்கும் ஆண்களும், கூடையில் சுமந்து கரையேற்றும் பெண்களும், வெயிலைப் பற்றிக் குறை சொல்லாத அபூர்வ மனிதர்கள். வெயில் இருந்தால்தானே அவர்களுக்கு வேலை! வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அளமும் ஓய்ந்துவிடும், அடுப்பும் தணிந்துவிடும்.

ஊர் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாக இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடமும் இந்தப் பக்கந்தான். 1930-ஆம் ஆண்டில் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு எடுத்த நாள் முதல், தமிழ் நாட்டில் உப்பைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பேச்சில் தேசமும் வந்து கலந்துகொள்கிறது. நாமும் இன்று உப்பில் தொடங்கித் தேசத்துக்குத்தான் வரப் போகிறோம். ஆனால் இடையில் எலும்பைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. நேயர்கள் முகம் சுளிக்காமல் கேட்கவேண்டும்.

உப்புக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ருசி கொடுப்பது. மற்றொன்று, கெடாமல் காப்பது. பொருளை விட்டுத் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டால், அழுக வைக்கும் கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லாமற் போய்விடும். இந்தத் தத்துவத்தைக் கடற்கரைக் குப்பங்களில் கருவாடு போடுகிறவர்களும், அக்கிரகாரத்தில் மாவடு போடுகிற பாட்டிமார்களும் எந்தச் சர்வகலாசாலைக்கும் போகாமலே அறிந்து வைத்திருந்தார்கள். இப்போது வைத்தியர்களுக்கு ஏற்பட்டிருக்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுவேதான். ஒரு மனிதர் தம் மரணத்துக்குப் பின் கொடுத்துவிட்டுப் போகும் எலும்பையும் குருத்தெலும்பையும், இன்னொருவருடைய மூட்டில் பொருத்தும் நாள் வரையில் எப்படிக் கெடாமல் வைத்திருப்பது?

இதற்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறதே! புத்தூர்க் கட்டுக்கு இவ்வளவு புகழ் உண்டானதற்கே, எலும்புக்குத் தன்னைத் தானே கூட்டிக்கொள்ளும் சக்தி இருப்பதுதான் மூல காரணம். எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது; ஆகையால் அது சேதப்பட்டாலும் மறுபடியும் வளர்கிறது. குருத்தெலும்பின் விதி வேறு. முழங்காலில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொன்றின் முனையையும் வழுவழுப்பாக மூடிக்கொண்டு, சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு பூச்சுப்போல் அது அமைந்திருக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. முக்கால் பங்குக்கு அண்மையாகத் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் நார் வலைக்குள்ளே, தனித்தனிக் குடிசைகளில் வசிக்கிற சந்நியாசிகளைப்போல், மிகச் சில உயிரணுக்கள். மொத்த அளவில் நூற்றில் ஐந்து பங்குகூட இரா. ஆனால் வலையைப் பழுது பார்த்து வருகிறவர்கள் அந்தச் சந்நியாசிகள்தாம்.

நரம்பு இல்லாததால் குருத்தெலும்பு கிழியத் தொடங்கும்போது வலியே தெரிவதில்லை. இரத்தம் இல்லாததால் கிழிந்த பிறகு கூடுவதும் இல்லை. ஆரம்பத்தில் எச்சரிக்காமல் இருந்துவிட்டு, முடிவில் ஈவிரக்கமில்லாமல் தண்டிக்கும் சுபாவம் அதற்கு.

வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்ந்தால் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்திவிடுகிறார்கள். அது நல்ல சிகிச்சைதான். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கால் முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்போடு குருத்தெலும்பும் பெயர்ந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அல்லது முழங்காலுக்கு அருகில் எலும்பில் புற்றுநோய் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த நோய்க்கு வாலிபப் பருவத்தையும் முழங்காலின் பக்கத்தையும் தேர்ந்தெடுக்கும் துர்ப்புத்தி அதிகம். அவன் இன்னும் ஐம்பது வருஷம் நடக்கவேண்டும். உப்பளத்திலோ வயலிலோ கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளையானால், நடந்தால் மட்டும் போதாது. குனியவேண்டும், குந்தவேண்டும், சுமக்கவேண்டும். உலோக மூட்டு அத்தனை காலம் தேயாமல் ஈடுகொடுப்பது அரிது. முற்காலத்தில் இப்படிப்பட்ட புற்றுநோய்க்குக் காலையே எடுத்துவிடுவார்கள். இன்று பெரும்பாலும் காலைக் காப்பாற்ற முடிகிறது. காப்பாற்றும் வழிகளில் ஒன்று, வேறொரு மனிதரின் எலும்பு.

இது நேற்றைய யோசனை அல்ல. 1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கீவன் என்ற ரண வைத்தியர், நோயினால் கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வேறு குழந்தைகளின் வளைந்த கால்களை நேராக்கும்போது வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளைப் பொருத்தினார். ஜெர்மனியில் எரிக் லெக்ஸர் என்பவர் முழு மூட்டையே பிறர் உடலிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்து, 1908-ல் அதைப்பற்றி எழுதினார். இவர்களுக்கெல்லாம் ஒரு பெரும் சங்கடம் இருந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வேளையில் வாய்க்க வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தீர்க்க, கியூபா தேசத்து ஹவானா நகரில் ஆல்பெர்டோ இன்கிளான் என்பவர் எலும்பைக் குளிரில் சேமித்து வைத்துப் பயன்படுத்தி, 1942-ல் தம் அனுபவத்தை வெளியிட்டார். 1949-ல் அமெரிக்கக் கடற்படை பெதெஸ்தா என்னுமிடத்தில், ஜார்ஜ் ஹயாட் என்ற டாக்டரின் முயற்சியால், எலும்பு முதலிய திசுக்களுக்கென்றே ஒரு சேமிப்பு நிலையம் ஏற்படுத்தியது. பணம் போட்டு எடுக்கும் இடத்துக்கு 'பாங்கி' என்று பெயர் இருப்பதால் இதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தப் பாங்கியில் போடுகிறவர் எடுக்க வரமாட்டார். எடுக்கிறவர் போட்டிருக்க மாட்டார்.

எலும்பைச் சேமிப்பது எளிது. அதன் காரணத்தை நேயர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற விஷயமெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. பொருத்தப்படும் எலும்பு உயிரோடு இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கட்டடம் கட்டும்போது சுற்றிலும் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுகிறோம் அல்லவா? அந்தச் சாரத்தின் வேலைதான் அதற்கு. நோயாளியின் சொந்த உயிரணுக்கள் அதன்மேல் ஏறி, மெள்ள மெள்ள உள்ளே புகுந்து, பழைய எலும்பை அரித்துவிட்டுப் புது எலும்பை வைத்துக்கொண்டே போகும். கழி பட்டுப்போன கழியாக இருந்தால் என்ன? முறியாமலும் கிருமியில்லாமலும் இருந்தால் போதும். ஆகவே எலும்பைக் கழுவி, கொழுப்பை நீக்கி, சுழிக்குக் கீழே எழுபது எண்பது டிகிரி குளிரில் வைக்கிறார்கள். இல்லாவிட்டால், உறைய வைத்து, காற்றில்லாத பாத்திரத்தில் அதன் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, சுக்காக உலர்த்திவிடுகிறார்கள். அப்படி உலர்ந்த எலும்பு சாதாரண அலமாரியில் வருஷக்கணக்கில் இருக்கும்.

நம் தேசத்தில் இந்தக் காரியம் முறையாக நடந்து வருவதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். மும்பையிலுள்ள டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் 1988-ல் திசு பாங்கி தொடங்கப்பட்டது. எலும்பும், பிரசவத்தின்போது கழியும் பனிக்குடச் சவ்வும் அங்கே பக்குவம் செய்யப்பட்டு, காமா கிரணங்களால் கிருமி நீக்கப்படுகின்றன. மருத்துவப் பொருள்களுக்கு அப்படிக் கிருமி நீக்குவதற்கான ஐசோமெட் என்னும் நிலையத்தை நம்முடைய அணுசக்தி விஞ்ஞானிகள் டிராம்பேயில் 1974-லேயே அமைத்துவிட்டார்கள். அணுவின் பெயரைக் கேட்டால் ஹிரோஷிமாவே நினைவுக்கு வரும் உலகத்தில், அதே அணுவின் கிரணம் ஓர் ஏழைப் பெண்ணின் எரிகாயத்துக்கு மேல் போடும் சவ்வைச் சுத்தம் செய்து கொடுக்கிறது என்றால், சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே!

இவ்வளவும் கருவாட்டுக் கணக்கு. நீரை எடு, கிருமியை நீக்கு, கட்டி வை.

குருத்தெலும்புக்கு வரும்போதுதான் கணக்குத் தப்புகிறது. கருவாடு குழம்புக்கு ஆகும். தண்ணீரில் விட்டால் நீந்துமா? குருத்தெலும்பு நீந்தவேண்டிய மீன். அதன் உயிரணுக்கள் செத்துவிட்டால், புதிய மூட்டில் வைத்த பிறகு வலையைப் பழுது பார்க்க ஆள் இல்லை. நோயாளியின் உயிரணுக்கள் எலும்புக்குள் புகுவதுபோல் இதற்குள் புகுந்து குடியேறுவதும் இல்லை. சில ஆண்டுகள் வழுவழுப்பாக இருந்துவிட்டு, பிறகு வெடித்து, உதிர்ந்துவிடும். ஆகையால் இங்கே கெடாமல் காப்பது போதாது, உயிரோடு காக்கவேண்டும்.

குளிரில் உறைய வைத்தால் என்ன? அப்படித்தான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். ஏன் முடியவில்லை என்பதற்கு மரக்காணத்து உப்பளத்தைவிடச் சிறந்த பாடப் புத்தகம் கிடையாது. கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. பாத்தியில் தேக்கினால், வெயில் தண்ணீரை மட்டும் கொண்டு போகிறது. உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது, நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேல் உப்பேறி, பாத்தியில் உப்புப் பூக்கிறது.

உறையும் திசுவிலும் நடப்பது இதேதான். வெயில் செய்கிற வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. நம் உடல் நீரில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே உப்பு இருக்கிறது. குளிர் ஏற ஏற, சுத்தத் தண்ணீர் மட்டும் பனிக்கட்டியாகப் பிரிந்து நிற்கிறது. மீதியுள்ள நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. சுழிக்குக் கீழே இருபத்தொரு டிகிரியை எட்டும்போது, உப்புக் கரைசலின் கணக்குப்படி, அது நூற்றுக்கு இருபத்து மூன்று பங்கு ஆகிவிடும்; அதாவது ஆரம்பத்தில் இருந்ததைப்போல் இருபத்தைந்து மடங்கு. ஊசி முனை அளவுகூட இல்லாத இடத்தில் ஓர் உப்பளம்! அதில் அகப்பட்டுக்கொண்ட உயிரணு, உப்பில் போட்ட மாவடுவைப்போல் சுருங்கி மடிகிறது. தப்பிப் பிழைத்ததைப் பனிக்கட்டியின் கூர்முனைகள் குத்துகின்றன. இரத்த அணுக்களை உறைய வைக்கும்போது அவற்றைக் கொல்வது முக்கியமாக இந்த உப்பேற்றந்தான் என்று லண்டனில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற விஞ்ஞானி 1953-ல் எடுத்துக் காட்டினார்.

இதற்கு ஒரு மாற்று மருந்து அகப்பட்டது வேடிக்கையான கதை. லண்டனுக்கு அடுத்த மில் ஹில் ஆராய்ச்சிக் கூடத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் வித்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பிழைப்பதாக இல்லை. ஒரு நாள் திடீரென்று பிழைத்தது. புட்டியைச் சோதித்துப் பார்த்தால், அதில் சர்க்கரையே இல்லை. லேபில் மாறிப்போய், கிளிசரின் கலந்த வேறொரு திரவம் இருந்தது! 1949-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் இன்று உலகத்தில் உயிரணுக்களை உறைய வைத்துக் காக்கும் வித்தை முழுவதும் முளைத்தது. கிளிசரின் நீரோடு கலந்து நின்று, பனிக்கட்டியையும் குறைக்கிறது, உப்பேற்றத்தையும் தணிக்கிறது.

அம்மூவரில் ஒருவரான ஆட்ரி ஸ்மித் அம்மையார் குருத்தெலும்பையும் விட்டுவைக்கவில்லை. வலையிலிருந்து பிரித்து எடுத்த உயிரணுக்களை உறைய வைத்தும் பிழைக்க வைக்க முடியும் என்று 1965-ல் காட்டினார். ஆனால் வலைக்குள் இருக்கும்போது அவை அவ்வாறு பிழைப்பதில்லை. தனித்தனிக் குடிசையில் உட்கார்ந்திருக்கும் சந்நியாசி ஒவ்வொருவருக்கும் கிளிசரின் போய்ச் சேரவேண்டும். மேலே இருப்பவருக்கு அளவுக்கு மிஞ்சி, அடியில் இருப்பவருக்கு எட்டாமல் போகிறது. மிஞ்சினால் மருந்தே விஷம். எட்டாவிட்டால் உப்பே எமன்.

ஆகவே கனடா தேசத்து டொராண்டோவில் ஆலன் கிராஸ் என்பவர் 1972-ல் வேறு வழியை எடுத்துக்கொண்டார். உறைய வைப்பானேன்? எலும்போடு கூடிய குருத்தெலும்பைப் புதிதாகவே எடுத்து, உடனுக்குடனே பொருத்திவிட்டார். தொடையெலும்பின் முனையில் அவ்விதம் பொருத்தப்பட்டவற்றுள் நூற்றுக்கு 85 பத்து ஆண்டுக்குப் பிறகும், நூற்றுக்கு 74 பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்ததாக அவருடைய குழுவினர் கணக்குக் காட்டினார்கள். இன்னொரு சௌகரியமும் தெரிந்தது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லாததால், பெறுபவரின் உடல் அதைப் பகைவனாகப் பாவிப்பது மிகக் குறைவு. சிறுநீரகம் பெற்றவர்போல் ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டியதில்லை. எந்தக் குறை அதைத் தானே கூட விடாமல் தடுத்ததோ, அதே குறை மாற்றாரின் மூட்டில் அதற்கு இடம் வாங்கிக் கொடுக்கிறது!

இப்போது புதிய குருத்தெலும்பை ஊட்டச்சத்துள்ள திரவத்தில் இட்டு, உறையாமல், நாலு டிகிரி குளிரில் வைக்கிறார்கள். ஆனால் அதற்குத் தவணை உண்டு. இரண்டு வாரத்துக்குமேல் உயிரணுக்கள் குறையத் தொடங்குகின்றன. நாலு வாரம் எல்லை என்று கொள்வது வழக்கம். இதற்குள் கொடுத்தவரின் இரத்தத்தையும் திசுவையும் சோதித்து, ஒரு கிருமியும் இல்லை என்று உறுதி செய்யவே சுமார் இரண்டு வாரம் போய்விடும். மீதியுள்ள இரண்டு வாரத்தில் அளவு ஒத்த முழங்கால் உடைய நோயாளியைத் தேடி, அழைத்து, சிகிச்சை செய்தாக வேண்டும். அமெரிக்காவில் மிசூரி சர்வகலாசாலையில் ஜேம்ஸ் குக் முதலியோர் ஒரு தனித் திரவத்தைக் கண்டுபிடித்து, குளிரே இல்லாமல் சாதாரண அறை வெப்பத்தில் இந்தத் தவணையை ஏறக்குறைய இரண்டு மாதமாக நீட்டியிருக்கிறார்கள்.

சோதனையைக் குறுக்கலாமே என்றால், கூடாது. 2001-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருபத்து மூன்று வயது வாலிபர் ஒருவர் முழங்காலில் இத்தகைய திசுவைப் பொருத்திக்கொண்ட சில நாளில் இறந்து போனார். கொடுத்தவரின் உடல் குளிர வைக்கப்படாமல் நெடுநேரம் கிடந்து, அதில் கிருமி பெருகியிருந்ததே காரணம் என்று பின்னால் தெரிந்தது. பாட்டி ஊறுகாய் ஜாடியில் ஈரக் கையை விடக்கூடாது என்று அதட்டுவாளே, அந்த அதட்டல் இந்தத் துறையில் சட்டமாக இருக்கவேண்டும்.

தவணையே இல்லாமல் செய்ய வழி இல்லையா? வழி தெரிந்திருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுச் சமையலறைக்குள் போகலாம். சர்க்கரைப் பாகைப் பொறுமையாக ஆறவிட்டால் கல்கண்டு விளைகிறது. அது பளிங்கு பளிங்காகக் கூர்முனையோடு இருக்கும். அதே பாகை முற்றக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால், கடலை மிட்டாயில் கடலையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல், கண்ணாடியாக இறுகிவிடும். அதில் பளிங்கும் இல்லை, முனையும் இல்லை. தண்ணீரையும் இப்படிப் பளிங்காக விடாமல் கண்ணாடியாக இறுக்கிவிட்டால்? பனிக்கட்டி இல்லை, ஆகவே நீர் பிரிவதில்லை, ஆகவே உப்பும் ஏறுவதில்லை.

கனடாவில் ஆல்பெர்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த நாதர் ஜோம்ஹா, லாக்ஸ்லி மக்கான், ஜேனட் எலியட் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் இதைச் செய்து காட்டினார்கள். நாலு விதத் திரவங்களை, ஒன்றின் விஷம் ஓங்காதபடி பங்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் குளிரைக் கூட்டிக்கொண்டே பல மணி நேரம் ஊற வைத்து, முடிவில் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழே 196 டிகிரியில் இறுக வைத்தார்கள். மனிதக் குருத்தெலும்பு மூன்று மாதம் வரை அப்படி இருந்து வெளியே வந்தபோது, உயிரணுக்களில் சுமார் முக்கால் பங்கு உயிரோடு இருந்தன. 2012-ல் இது வெளியாயிற்று. ஆராய்ச்சிக் கூடத்தில் வெற்றி பெற்றது ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பல படிகள் ஏறவேண்டும். ஆயினும் உப்பளத்தைப் பாத்தி கட்டாமல் தடுக்கும் வழி கண்டாயிற்று.

இனித் தேசத்துக்கு வருவோம். உலர்ந்த எலும்பை அயல் நாட்டிலிருந்து பெட்டியில் வரவழைக்கலாம். நாலு வாரத் தவணையுள்ள உயிருள்ள குருத்தெலும்பை வரவழைப்பது எளிதல்ல. சோதனை, அநுமதி, கப்பல், விமானம் என்று தவணை வழியிலேயே கரைந்துவிடும். கதரை வேண்டாமென்று சொல்லி மில் துணி உடுத்தலாம். இந்த விஷயத்தில் சுதேசியைத் தவிர வேறு போக்கில்லை. நம் பிள்ளைகளின் முழங்காலுக்கு நம் ஜனங்கள்தாம் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதுமல்ல. சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் 1945-லேயே கண் பாங்கி ஏற்பட்டது. 1948-ல் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அங்கே கருவிழி மாற்றும் சிகிச்சை செய்தார். மரக்காணத்துக்கு வடக்கே, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த வைத்தியத் தம்பதியர் 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புக்களைத் தானம் செய்தபோது, தமிழ் நாடு முழுவதும் கண்ணீரோடு தலை வணங்கியது. 1994-ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-ல் திருத்தப்பட்டுத் திசுக்களையும் சேர்த்துக்கொண்டது. 2014-ல் விதிகள் வந்தன. எலும்பு, குருத்தெலும்பு, தோல், கருவிழி எல்லாம் அதில் அடக்கம். விற்பதும் வாங்குவதும் குற்றம். உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழ் நாட்டுச் சர்க்கார் 2023 செப்டம்பரில் அறிவித்தது.

ஆனால் கண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கிற குடும்பம் எலும்பு என்றதும் தயங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. உடல் உருக்குலைந்து போய்விடுமோ என்ற பயம். எலும்பை எடுத்த இடத்தில் அதே அளவில் ஒரு கழியை வைத்துத் தைத்து, உடலை முன்போல் கிடத்தித்தான் வீட்டாரிடம் ஒப்படைப்பார்கள். வேஷ்டியும் புடைவையும் போர்த்திய பிறகு வித்தியாசம் தெரியாது. அடுத்த ஜன்மத்தில் எலும்பில்லாமல் பிறக்க நேருமோ என்று கேட்பவர்களும் உண்டு. தேவர்களுக்காகத் தம் எலும்பையே கொடுத்த ததீசி முனிவர் எந்த ஜன்மத்தில் முடமாகப் பிறந்தார் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் எலும்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்தால், மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும்.

யோசித்துப் பார்த்தால், எலும்புக்கு நம்மைப்போல் மரியாதை செய்கிற ஜனங்கள் சிலரே. தகனத்துக்கு மறுநாள் சாம்பலில் பால் தெளித்து, தலையிலிருந்து கால் வரையில் எலும்பு பொறுக்கி, கலயத்தில் இட்டு, கடலில் கொண்டுபோய்க் கரைக்கிறோம். அந்தக் கலயம் இனியும் நிறையும். அதில் சேரவேண்டிய ஓரிரு எலும்பு மட்டும், கரைவதற்குப் பதிலாக, ஒரு பிள்ளையின் முழங்காலில் நடக்கப் போகிறது.

மரணம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளும் நோயாளிக்குத் தொடையெலும்பின் தலைப்பாகத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அவர் சம்மதித்து, சோதனையிலும் தேறினால், அந்த உருண்டை எலும்பு பாங்கிக்குப் போகும். வீசி எறியப்படும் பொருள் இன்னொருவருக்குச் சாரம் ஆகும். இடுப்புச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் நேயர்கள், தங்கள் டாக்டரிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சர்க்கார் செய்யவேண்டியது உண்டு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். சென்னையோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். எலும்புக்கு, உடலைக் காலத்தில் குளிர வைத்திருந்தால், ஒரு நாள் வரை அவகாசம் உண்டு. இந்தக் கடற்கரை வெயிலில் அந்தக் குளிர்தான் முதல் தேவை. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் நன்றாக வேலை செய்யும் ஒரு குளிர் அறையும், கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிந்த ஓர் ஊழியரும் இருந்தால், பெரிய நகரத்துப் பாங்கிகள் தாமே தேடிவரும்.

ஆயினும் சர்க்காரை மட்டும் சொல்லிப் பயனில்லை. உறவினர் ஆட்சேபித்தால், இறந்தவர் எழுதி வைத்த சீட்டினால் ஒன்றும் நடவாது. துக்க வீட்டில் அழுகைக்கு நடுவே இந்தப் பேச்சை முதன்முதலாக எடுக்க எவருக்கு மனம் வரும்? எடுத்தவரை ஊர் மன்னிக்குமா? அதனால், எல்லோரும் சுகமாக இருக்கும்போதே, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வேளையில், வீட்டுப் பெரியவரே முன்வந்து, தம் இஷ்டம் இன்னது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி வைப்பது நலம். கேட்டவர்கள், "இப்போது என்ன அதைப்பற்றி?" என்பார்கள். இப்போதுதான் அதைப்பற்றி. திசுவுக்கு நாலு வாரம் தவணை இருக்கிறது. குடும்பத்தின் முடிவுக்கு ஒரு நாளுக்குமேல் இல்லை.